கடல் கடந்த வாணிகமும் கள்ளாமை அணுவிரதமும்



நம் இல்லங்கள் சிலவற்றில் இன்று ஒரு புதிய வாணிகம் நடைபெறுகின்றது. பருத்தித் துணியில் கைவேலைப்பாடு செய்கின்றனர். வந்தவாசிக் கோரைப் பாயையோ பித்தளை விளக்கையோ படம் பிடிக்கின்றனர். அப்படத்தைக் கைபேசி வழியே இணையச் சந்தையில் வைக்கின்றனர். ஜெர்மனியிலோ ஆஸ்திரேலியாவிலோ வாழும் ஒருவர் அதனைக் கண்டு, விரும்பிப் பணம் செலுத்துகின்றார். பொருள் பொதியாகக் கட்டப்பெற்றுக் கடல் கடந்து செல்கின்றது. விற்றவர் வாங்கியவர் முகத்தைக் கண்டதில்லை. காணப் போவதும் இல்லை.

இவ்வாறு விற்பது சிராவகர்க்குத் தகுமா? தகுமெனில் எவ்வரம்புக்கு உட்பட்டுத் தகும்? இளைய தலைமுறையினர் கேட்கும் வினா இது. வருவாய் வரும் வழியில் வினா எழுப்புவோர் அரியர். ஆகவே வினா எழுந்ததே நற்பேறு எனக் கொள்வோம். விடை யாதெனில், வாணிகம் தகும்; ஆனால் பொருள் எத்தனை கடல்களைக் கடந்தாலும், விற்பவர் தம் விரதத்தைக் கடத்தல் ஆகாது. இதனைச் சற்று விரித்துக் காண்போம்.

முன்னோர் மரபு

வாணிகம் நமக்குப் புதிதன்று. ஆதிபகவனாகிய விருஷப தேவர் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்னும் அறுவகைத் தொழில்களை மக்கட்குக் கற்பித்தருளினார் என்பது நம் புராண மரபு. அவற்றுள் வாணிகமும் ஒன்று.

தமிழகத்துக் குகைப் பள்ளிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. மதுரையை அடுத்த அழகர்மலைக் குகைத்தளத்தில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகளில் உப்பு வாணிகர், கொழு வாணிகர், அறுவை வாணிகர் ஆகியோர் பெயர்கள் காணப்படுகின்றன. அறுவை என்பது துணி. மாங்குளம் மலைக் கல்வெட்டு வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தாரை, அதாவது வணிகர் குழுவினரை, கொடையாளராகக் குறிக்கின்றது. இவையெல்லாம் கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்தன. உப்பும் துணியும் விற்றுப் பெற்ற பொருளில் ஒரு பங்கினை நோன்பிகள் தங்கும் இடங்களுக்கு ஈந்தோர் அவ்வணிகர். தொழிலையும் அறத்தையும் அவர்கள் இரு வேறு கணக்குகளாக எழுதி வைக்கவில்லை.

காணாதார் இருவர் கூடும் சந்தை

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. முன்பின் அறியாதார் ஒருவரையொருவர் எவ்வாறு நம்புவது என்னும் சிக்கல் அங்கு விரைவிலேயே எழுந்தது. 1996இல் அவர் அதற்கொரு வழி கண்டார். விற்றவரைப் பற்றி வாங்கியவரும், வாங்கியவரைப் பற்றி விற்றவரும் தத்தம் கருத்தைப் பிறர் அறிய எழுதி வைக்கலாம் என்பதே அவ்வழி. கைவினைப் பொருள்கட்கென 2005இல் தோன்றிய எட்சி, இந்திய விற்பனையாளரை 2015 முதல் அயல்நாட்டாரிடம் சேர்த்துவரும் அமேசான் ஆகியவற்றிலும் வாங்குவோர் மதிப்புரையே நம்பிக்கைக்கு அடிப்படை.

ஊர்ச் சந்தையில் வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பார். அரிசியைக் கையில் அள்ளி முகர்வார். தராசின் முள்ளை நோக்குவார். இணையச் சந்தையில் அவருக்குக் கிடைப்பவை இரண்டே: நாம் எடுத்த படம், நாம் எழுதிய சொல். அவருடைய கண்ணுக்கும் கைக்கும் ஈடாக நம் சொல் நிற்கின்றது. ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் மாணவன் எவ்வாறு நடந்துகொள்கின்றானோ அதுவே அவன் உண்மையான ஒழுக்கம் என்பது பள்ளிக்கூடத்தில் நாம் அறிந்த பாடம். வாங்குபவர் இல்லாத இடத்தில் நடைபெறும் இவ்வாணிகமும் அத்தகைய வகுப்பறையே.

கள்ளாமையின் ஐந்து குற்றங்கள்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களை வகுத்துக் காட்டுகின்றார். அதிசாரம் என்பது விரதம் முற்றும் முறியாவிடினும் அதன்கண் படியும் மாசு. கள்ளாமைக்கு அவர் கூறிய ஐந்தையும் இன்றைய வாணிகத்தோடு பொருத்தினால் அவை நமக்கென்றே கூறப்பட்டவை போலத் தோன்றும்.

முதலாவது, ஸ்தேனப் பிரயோகம். களவு செய்யப் பிறரைத் தூண்டுதல். பிறர் வரைந்த வடிவத்தைக் காட்டி, "இதனை அப்படியே தைத்துத் தருக" எனத் தையற்காரரை ஏவுதலும், வேறொரு விற்பனையாளர் எடுத்த படத்தைத் தம் பொருளின் படமாக வைக்கப் பணியாளரிடம் கூறுதலும் இதன்பாற்படும். கை பிறருடையதாயினும் வினை நம்முடையதே.

இரண்டாவது, ததாஹ்ருத ஆதானம். களவுப் பொருளை ஏற்றல். இதில் நம்மவர் தனிக் கருத்துச் செலுத்துதல் வேண்டும். பழைய செப்புத் திருமேனிகளையும் ஓலைச்சுவடிகளையும் பெருவிலை கொடுத்து வாங்க அயல்நாடுகளில் ஆர்வலர் உளர். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகட்குக் குறையாத பழமையுடைய சிற்பம் முதலியனவும், 75 ஆண்டுகட்குக் குறையாத பழமையும் இலக்கிய, வரலாற்று அல்லது அறிவியல் மதிப்பும் உடைய கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருள்களாம். அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்தல் குற்றம். சட்டம் ஒருபுறம் நிற்க. 1887இல் டாக்டர் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமயப் பொருளை அவருக்கு விளக்கியவர்கள் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள். நூலையும் அதன் பொருளையும் வழிவழியாகக் காத்து வந்தமையால் அன்றோ அது இயன்றது? வீட்டுப் பரணில் உள்ள சுவடி பாட்டனார் வைத்த சொத்து என்று கருதுகின்றோம். உண்மையில் அது நம்மிடம் உள்ள அடைக்கலப் பொருள். எங்கிருந்து வந்தது என்று கூற இயலாத திருமேனியை "பழைய அலங்காரப் பொம்மை" என்று எழுதி விற்பவர், களவுக்குத் துணை போவதோடு ஜினபிம்பத்திற்கும் அவமதிப்புச் செய்கின்றார்.

மூன்றாவது, விருத்த ராஜ்ய அதிக்கிரமம். அரசின் நெறியைக் கடத்தல். கடல் கடந்த வாணிகத்தின் மிகப் பெரிய சோதனை இதுவேயாகும். அஞ்சல் வழி அயல்நாடு செல்லும் பொதியின்மேல் சுங்க அறிவிப்புச் சீட்டு ஒன்று ஒட்டப்படும். சிறு பொதிகட்குரிய அச்சீட்டின் பெயர் சி.என்.22. பொதியினுள் இருப்பது யாது, எத்தனை, எவ்வளவு எடை, என்ன விலை என்பவற்றை அதில் நிரப்பி, அனுப்புவோர் கையொப்பமிடுதல் வேண்டும். அது பரிசா, வணிக மாதிரியா, விற்பனைப் பொருளா என்று குறிக்கவும் அதில் இடம் உண்டு.

இங்கேதான் சோதனை வருகின்றது. 40 டாலருக்கு ஒரு சால்வை விற்றதாகக் கொள்வோம். வாங்கியவர் எழுதுகின்றார்: "பரிசு என்று குறித்துவிடுங்கள், விலையை 8 டாலர் எனப் போடுங்கள், எனக்கு வரி மிச்சமாகும்." விற்றவர் சிந்திக்கின்றார்: இதில் எனக்கு ஒரு காசும் மிகுதியாக வரவில்லை, வாடிக்கையாளர் மனம் மகிழ்வார், எவருக்கும் தீங்கில்லை. இவ்வாறு எண்ணும்போதே இரண்டு விரதங்கள் மாசுறுகின்றன. அந்நாட்டு மக்களின் பொதுநிதிக்குச் சேர வேண்டிய பொருளைச் சேரவிடாமல் தடுத்தமையால் கள்ளாமை மாசுற்றது. பொய்யான சீட்டில் கையொப்பமிட்டமையால் வாய்மை மாசுற்றது. இதனைக் கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல், என்று வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக உமாஸ்வாமிகள் வைத்துள்ளார். அது நம் நாடன்றே என்று வாதிடுவாரும் உளர். பொருள் எந்நாட்டில் விலையாகின்றதோ அந்நாட்டின் நெறியும் வணிகரைக் கட்டும்.

இச்சோதனை நாளுக்கு நாள் வலுத்து வருகின்றது. சிறு விலைப் பொதிகட்கு அளித்துவந்த வரிவிலக்கைப் பல நாடுகள் நீக்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குட்பட்ட பொதிகளுக்கான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1 முதல் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான பொதிகட்கு இருந்த சுங்கவரி விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. வரி ஏறுந்தோறும் "பரிசு எனப் போடுங்கள்" என்னும் வேண்டுகோளும் பெருகும். மறுத்தால் வாடிக்கையாளர் சிலர் விலகிச் செல்வர். குறைவான மதிப்பெண் இட்டுச் செல்வாரும் இருப்பர். இவ்விழப்பு மெய்யான இழப்பே. சிறு முதலில் தொழில் செய்யும் குடும்பத்திற்கு அது வலிக்கும். வலியின்றிக் காக்கப்படும் விரதம் எது? விரதம் என்பதே இழக்க ஆயத்தமாக இருப்பவர் ஏற்கும் உறுதி அன்றோ?

இன்னும் ஒன்று. பொதி வழியில் காணாமற்போனால், சீட்டில் எழுதிய விலையைக் காட்டியே இழப்பீடு கோர இயலும். 8 டாலர் என்று எழுதியவர் 40 டாலர் கேட்க எம்முகத்தோடு செல்வார்?

நான்காவது, ஹீனாதிக மானோன்மானம். அளவிலும் எடையிலும் கூட்டிக் குறைத்தல். வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சிறிய படி என்பது பழைய வஞ்சனை. இன்று அது வேறு உருக்கொண்டுள்ளது. சிறு விளக்கை அருகில் வைத்துப் படமெடுத்துப் பெரிதாகக் காட்டுதல், துணியின் நிறத்தைக் கணிப்பொறியில் மெருகேற்றுதல், அனுப்பும் செலவைக் கூட்டி எழுதி அதில் ஆதாயம் காணுதல் என்பன அதன் புதிய வடிவங்கள். நீளம், அகலம், எடை மூன்றையும் எண்ணால் எழுதுக. அளவுகோலைப் பொருளின் அருகில் வைத்து ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. சிறு கறையோ கீறலோ இருப்பின் அதனையும் படமெடுத்துக் காட்டுக.

ஐந்தாவது, பிரதிரூபக வியவகாரம்; நல்லதைப் போன்ற போலியை நல்லதென விற்றல். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று எழுதுவது இதற்கு நேரிய எடுத்துக்காட்டு. கைத்தறிக்கென 2006இல் நடுவணரசு தனி முத்திரையே ஏற்படுத்தியது, இவ்வஞ்சனையால் நெசவாளர் வாழ்வு கெடாதிருக்கவே. போலியை விற்பவர் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. உண்மையான தறியில் அமர்ந்திருப்பவரின் கூலியையும் கவர்கின்றார்.

போலி மதிப்புரையும் இவ்வகையதே. தாமே வேறு பெயரில் தம் பொருளைப் புகழ்ந்து எழுதுதலும், உறவினரை எழுதச் செய்தலும் பொய்யாவணமே. இந்தியத் தர நிறுவனம் 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ்.19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. போலி மதிப்புரைகளைத் தடை செய்யும் அமெரிக்க விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அரசுகள் இன்று விதியாக எழுதுவதை நம் ஆசாரியர்கள் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே விரதமாக வைத்தனர்.

விற்கத் தகாதன

கள்ளாமைக்கு முன் நிற்பது அஹிம்சை. ஊன், கள், தேன் மூன்றையும் விலக்கியவர் நாம். தேனுக்கு அயல்நாட்டில் நல்ல விலை உண்டென்பதற்காக அதனை விற்றல் தகாது; தாம் உண்ணாததைப் பிறர்க்கு விற்பதில் விரதம் எங்கே நிற்கின்றது? தோற்பொருள், கொம்பு, எலும்பு ஆகியனவும் அவ்வாறே. பட்டு நூலுக்காகக் கூட்டுப்புழுக்கள் கொதிநீரிலும் நீராவியிலும் மாய்கின்றன என்பதை அனைவரும் அறிவர். "அஹிம்சைப் பட்டு" என்று எழுதி விற்க விரும்புவோர், அந்நூல் எடுக்கப்பட்ட முறையை நேரில் விசாரித்து அறிந்த பின்னரே அச்சொல்லை எழுதுதல் வேண்டும். நம் முனிவர் பெருமக்கள் கையில் ஏந்தும் பிஞ்சத்தின் மயிற்பீலி தானே உதிர்ந்தது, அதில் தோஷமில்லை. ஆயினும் மயிற்பீலியை ஏற்றுமதி செய்ய நம் நாட்டில் தடை உள்ளது என்பதனையும் நினைவிற் கொள்க.

பத்திரமித்திரன் கதை

வாமன முனிவர் அருளிய மேருமந்தர புராணம் நம் இல்லங்களில் போற்றப்படும் நூல். பதின்மூன்றாம் தீர்த்தங்கரர் விமலநாதரின் கணதரர்களாகிய மேரு, மந்தரர் வரலாற்றைக் கூறுவது. அதில் வரும் வணிகன் பத்திரமித்திரன். கடல் கடந்து பொருளீட்டி, விலையுயர்ந்த மணிகளோடு சிம்மபுரத்தை அடைந்தான். அந்நகரத்து மன்னன் சிம்மசேனனின் அமைச்சன் ஸ்ரீபூதி. வாய்மையாளன் என்று ஊரார் நம்பியமையால் சத்தியகோஷன் என்னும் பெயரும் அவனுக்கு உண்டு. அந்நம்பிக்கையால் வணிகன் தன் மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்துச் சென்றான். மீண்டு வந்து கேட்டபோது அமைச்சன், "நீ யார்? என்ன மணி?" என்றான்.

வணிகன் நாள்தோறும் மரத்தின்மேல் ஏறிநின்று தன் குறையைக் கூவி அழுதான். ஊரார் அவனைப் பித்தன் என்றனர். அரசி இராமதத்தை மட்டும், நாள்தோறும் ஒரே சொல்லை மாறாமல் கூறுபவன் பித்தனாகான் என்று உணர்ந்தாள். அமைச்சனோடு சூதாடி அவன் மோதிரத்தை வென்று, அதனை அடையாளமாகக் காட்டி அவன் வீட்டிலிருந்து மணிகளை வரவழைத்தாள். மன்னன் அம்மணிகளைத் தன் கருவூலத்து மணிகளோடு கலந்து வைத்து, "உன்னுடையவற்றை எடுத்துக்கொள்" என்றான். பத்திரமித்திரன் தன் மணிகளை மட்டுமே எடுத்துக்கொண்டான். அவற்றினும் ஒளிமிக்க மணிகளைத் தீண்டவும் இல்லை.

இக்கதையில் இருவரும் நமக்கு ஆசிரியர்களே. நற்பெயர் என்பது அடைக்கலத்தை விழுங்கவும் துணையாகும் என்பதை ஸ்ரீபூதி காட்டுகின்றான். நூறு நல்ல மதிப்புரைகளைப் பெற்ற பின்னர் ஒரு பொய்யைக் கூறினால் எவரும் ஐயுறமாட்டார் என்னும் எண்ணம் அவனுடைய எண்ணமே. வாங்குபவர் முன்கூட்டியே செலுத்திய பணம், பொருள் அவர் கையைச் சேரும்வரை நம்மிடம் உள்ள அடைக்கலம். பொருள் சேரவில்லையெனில் திருப்பித் தருவதே முறை. "அனுப்பிவிட்டேன்" என்று கைவிரித்தல் ந்யாசாபஹாரம், அடைக்கலம் கவர்தல். பத்திரமித்திரனோ, எடுக்க வாய்ப்பிருந்தும் தன்னுடையதற்கு மேல் தீண்டவில்லை. இருமுறை பணம் வந்துவிட்டால் கேளாமலே ஒன்றைத் திருப்பி அனுப்பும் சிராவகி பத்திரமித்திரனின் வழியில் நிற்பவள்.

திசை விரதம்

இனி வரம்பு பற்றிய வினா. குணவிரதங்களுள் முதலாவதான திக்விரதம், பத்துத் திசைகளிலும் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லேன் என வாழ்நாள் முழுவதற்கும் வரையறுத்துக் கொள்வது. அவ்வெல்லைக்குள்ளும் நாளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மேலும் சுருக்கிக் கொள்வது தேசவிரதம். "நான் வீட்டைவிட்டு நகரவே இல்லையே, பொதிதானே செல்கின்றது" என்று ஒருவர் கூறலாம். அதற்கும் ஆசாரியர் விடை வைத்துள்ளார். எல்லைக்கு அப்பாலிருந்து பொருளை வரவழைத்தல், ஆளை அனுப்புதல், குரல் கொடுத்து அழைத்தல், தன் உருவைக் காட்டி அழைத்தல், பொருளை எறிதல் ஆகிய ஐந்தும் தேசவிரதத்தின் அதிசாரங்கள். கைபேசியில் குரலும் உருவமும் பொருளும் எல்லை கடந்து செல்லும் இக்காலத்தை இவ்வைந்தும் எவ்வளவு நுட்பமாகத் தொடுகின்றன! உடல் அமர்ந்திருந்தாலும் ஆசை பயணம் செய்தால் விரதம் அசைந்துவிடும் என்பதே இதன் கருத்து.

ஆதலின் நாட்டெல்லைக்குள் திக்விரதம் ஏற்றவர் அயல்நாட்டு வாணிகத்தில் இறங்குமுன் தம் குருவை அணுகித் தெளிதல் வேண்டும். விரதம் ஏலாதவரும் தொடக்கத்திலேயே அளவு வகுத்துக் கொள்வது நலம். இன்னின்ன நாடுகளுக்கு மட்டும் விற்பேன். ஒரு திங்களில் இத்தனை பொதிக்கு மேல் ஏலேன். இரவுணவு விலக்கிய பின்னர்க் கைபேசியில் கடை பாரேன். அயல்நாட்டில் பகலாகும்போது நமக்கு இரவு. வரம்பு இல்லையெனில் சாமாயிகத்தின் நடுவிலும் விற்பனை மணி ஒலிக்கும். பொருள் வரையறை என்னும் ஐந்தாம் அணுவிரதம் இங்கே காவல் நிற்கின்றது.

செயல்முறை

இவ்வாணிகத்தில் இறங்குவோர் முதலிற் செய்ய வேண்டுவது முழுக் கணக்கு. சந்தைக்குரிய கட்டணம், பணமாற்றுக் கழிவு, அஞ்சற் செலவு, திரும்பி வரும் பொருளின் இழப்பு அனைத்தையும் சேர்த்து விலை வைக்க வேண்டும். எட்சி நிறுவனம் 2022 ஏப்ரலில் தன் கழிவை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியது. இத்தகைய மாற்றங்கட்கும் இடம் வைத்தல் வேண்டும். கணக்கில்லாமல் குறைந்த விலை வைத்தவரே பின்னர் எடையிலும் சீட்டிலும் பொய் புகுத்தும் நெருக்கடிக்கு ஆளாகின்றார். சரியான விலை வாய்மைக்கு வேலி.

ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண்ணை முறையாகப் பெறுக. அஞ்சல் துறை 2022இல் தொடங்கிய தாக் கர் நிர்யாத் கேந்திரா என்னும் ஏற்றுமதி மையங்கள் ஆவணம் நிரப்பச் சிறு விற்பனையாளர்க்கு உதவுகின்றன. பரிசு எனக் குறிக்க வேண்டுவோர்க்கு, "தங்கள் நாட்டு விதிப்படி உண்மை விலையையே எழுதுகின்றேன், வரி தாங்கள் செலுத்த வேண்டிவரலாம்" என விற்குமுன்னரே கடையின் முகப்பில் பணிவுடன் எழுதி வைக்கலாம். முன்னரே கூறிய சொல்லுக்குப் பின்னர் மனத்தாங்கல் குறையும்.

நாள்தோறும் மாலையில் பிரதிக்கிரமணம் செய்யும்போது அன்று அனுப்பிய பொதிகளையும் நினைவிற்கொள்க. எழுதியதும் உள்ளே வைத்ததும் ஒன்றா என்று தம்மைத் தாமே வினவுக. இதுகாறும் அறியாமல் பிழை செய்தோர் மனந்தளர வேண்டா. வருந்தி, இனிச் செய்யேன் என உறுதி கொள்ளுதலே பிரதிக்கிரமணத்தின் பயன்.

ஈட்டியதில் ஒரு பங்கு ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானத்திற்குச் செல்லட்டும். அழகர்மலைக் குகையில் உப்பு வாணிகரின் பெயர் இன்றும் நிற்பது, அவர் விற்ற உப்பினால் அன்று, ஈந்த கொடையினால். நம் பொதியைப் பிரிக்கும் அயல்நாட்டார்க்கு நம் சமயத்தின் பெயர்கூடத் தெரியாதிருக்கலாம். சொன்ன சொல்லும் உள்ளிருக்கும் பொருளும் ஒத்திருக்கக் காணும்போது, ஜினதருமத்தின் ஒரு துளியை அவர் கையில் ஏந்துகின்றார்.

அறம் ஓங்குக! அனைத்துயிரும் இன்புறுக! ஜெய ஜினேந்திரா!